மியாட்டாவுக்குப் புது சாஃப்ட் டாப் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த வண்டிக்கு?

மஸ்டா எம்எக்ஸ்-5 என்கிற இரண்டு சீட் வண்டிக்கு, அதுவும் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு மட்டும். சாஃப்ட் டாப், சுருக்கமாக டாப், என்பது அதன் மடித்து இறக்கக்கூடிய மென்கூரை. வட அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்ற அதே வண்டிதான். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை வந்ததை என்.ஏ. என்பார்கள், முகப்பு விளக்குகள் மேலே எழும்பி வருமே, அது. 1998 முதல் 2005 வரை வந்தது என்.பி. இந்த இரண்டுக்கும் கூரை அமைப்பு ஏறக்குறைய ஒன்றே, அதனால் இங்கே சொல்வதெல்லாம் இரண்டுக்கும் பொருந்தும், வித்தியாசம் வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். 2005-க்குப் பிறகு வந்தவற்றில் டாப் மடிகிற விதமே வேறு, அதற்கு இதைப் பார்த்து வேலையில் இறங்காதீர்கள்.

என் டாப்பை மாற்றியே ஆக வேண்டுமா, ஒட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாதா?

எங்கே போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பின் ஜன்னல் பிளாஸ்டிக் மட்டும் மஞ்சளாகி, பார்க்க முடியாமல் போயிருந்தால், என்.ஏ.வில் ஜிப் வைத்த ஜன்னல் பகுதியை மட்டும் தனியாக மாற்ற வழி உண்டு, முழு டாப்பையும் தூக்கி எறிய வேண்டாம். விரல் நீளக் கிழிசல், அதுவும் தட்டையான இடத்தில் என்றால், உள்பக்கம் அதே வகைத் துணியை வைத்து நல்ல பசையால் ஒட்டி இரண்டு மூன்று வருடம் ஓட்டலாம்.

ஆனால் பக்கவாட்டு ஜன்னலுக்கு மேலே, மடியும் இடத்தில், துணி தேய்ந்து நூல் தெரிகிறது என்றால் ஒட்டு நிற்காது. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் மடிப்பு விழுகிற இடம் அது. தையல் பிரிய ஆரம்பித்தாலும் அப்படித்தான், ஒரு பக்கம் தைத்தால் மறுபக்கம் பிரியும். டாப் வைனில் (செயற்கைத் தோல் மாதிரியான பிளாஸ்டிக் பொருள்) என்றால், அது சுருங்கி, முன் கொக்கியைப் பூட்ட முழு பலத்தையும் போட்டு இழுக்க வேண்டியிருந்தால் அந்த டாப்பின் காலம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் மழையிலும் வெளியிலேயே நிற்கிற வண்டிக்கு ஒரு டாப் பத்து வருடம் தாங்கினாலே அது நல்ல ஆயுள்.

இன்னொன்று. சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் நனைகிறது என்பதற்காக மட்டும் டாப் வாங்க ஓடாதீர்கள். அது பெரும்பாலும் துணியின் குற்றமே இல்லை. கீழே ரெயின் ரெயில், வடிகால் என்று இரண்டு கேள்விகள் வருகின்றன, முதலில் அவற்றைப் படியுங்கள்.

வைனில் வாங்குவதா, துணி வாங்குவதா?

தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலான வண்டிகள் வைனிலோடுதான் வந்தன. விலை குறைவு, சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சுத்தமாகிவிடும், பாசி எளிதில் பிடிக்காது. குறை என்னவென்றால் குளிரில் விறைத்துவிடும், வேகமாகப் போகும்போது உள்ளே சத்தம் கூடுதலாகக் கேட்கும்.

துணி டாப்புகளில் அதிகம் கேள்விப்படுவது ஸ்டேஃபாஸ்ட், ட்விலஃபாஸ்ட் என்ற இரண்டு. இரண்டுமே அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கிற ஹார்ட்ஸ் நிறுவனத்தின் துணி. மேலே அக்ரிலிக், நடுவே ரப்பர், அடியில் இன்னொரு துணி என்று மூன்று அடுக்கு. தண்ணீரை நிறுத்துவது நடுவில் இருக்கும் அந்த ரப்பர்தான், மேல் துணி நனைந்தாலும் உள்ளே வராது. பார்க்க அழகு, சத்தமும் குறைவு, ஆனால் தூசியும் பறவை எச்சமும் நாரில் ஏறிக்கொள்ளும், வருடத்துக்கு ஒரு தடவையாவது கழுவிப் பூச்சு கொடுக்க வேண்டும்.

என் அபிப்பிராயம்: வண்டி தினமும் வெளியில் நிற்கிறது, பராமரிக்க நேரமில்லை என்றால் வைனில். கராஜில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற வண்டி என்றால் துணி. எதுவானாலும் பெயர் தெரியாத மலிவு டாப் வேண்டாம். அதில் துணியைவிட வெட்டும் தையலும்தான் தப்பாக இருக்கும், ஒரு பக்கம் அரை அங்குலம் கூடி மறுபக்கம் குறைந்து வந்தால் என்ன செய்தாலும் சுருக்கம் போகாது.

பிளாஸ்டிக் ஜன்னலா, கண்ணாடியா?

முடிந்தால் கண்ணாடி. என்.ஏ. வண்டிகள் பிளாஸ்டிக் ஜன்னலோடு வந்தன, டாப்பை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். அவசரத்தில் ஜிப் திறக்காமல் இறக்கினால் நடுவில் ஒரு மடிப்புக் கோடு விழும், அந்தக் கோட்டில்தான் பிறகு வெடிக்கும். குளிரில் இறக்கினால் அன்றைக்கே வெடிக்கலாம். என்.பி.யில் சூடேற்றும் கம்பியோடு கண்ணாடி ஜன்னல் வந்தது, ஜிப் கிடையாது, கொக்கியைக் கழற்றி அப்படியே பின்னால் தள்ளினால் போதும். என்.ஏ.வுக்கும் கண்ணாடி ஜன்னலோடு டாப் விற்கிறார்கள்.

இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியில் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் வைக்கிற இரும்பு வளைவு) போட்டிருந்தால் டாப் மடியும்போது கண்ணாடி அதில் இடிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சூடேற்றும் கம்பி வேலை செய்ய வேண்டும் என்றால் உங்கள் வண்டியில் அதற்கான வயரிங் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், கண்ணாடியில் கம்பி இருப்பதால் மட்டும் மின்சாரம் வந்துவிடாது.

என்.பி. வண்டியின் டாப்பைக் கழற்றி என்.ஏ.வில் மாட்டலாமா?

மாட்டலாம், ஃபிரேமோடு. நல்ல நிலையில் இருக்கும் பழைய என்.பி. டாப் ஒன்று, இரும்பு ஃபிரேமும் ரெயின் ரெயிலும் சேர்த்துக் கிடைத்தால், துணி மாற்றும் வேலையே இல்லை. உங்கள் பழைய டாப்பை ஃபிரேமோடு தூக்கிவிட்டு இதை வைத்து போல்ட்டை முடுக்கினால் ஒரு மதியத்தில் வேலை முடிந்தது, கண்ணாடி ஜன்னலும் கிடைத்துவிடும். ரிவெட் (துணியை ஃபிரேமோடு பிணைக்கும் உலோக ஆணி) அடிக்கப் பயப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

ரெயின் ரெயில் என்கிறார்களே, அது என்ன? அதையும் மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

டாப்பின் பின்விளிம்பு வண்டியின் உடலோடு சேருகிற இடத்தில், உள்பக்கமாக, ஒரு கருப்புப் பிளாஸ்டிக் பட்டை அரைவட்டமாக ஓடுகிறது. கூரையில் விழும் மழை பின்னால் வழிந்து, துணிக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இறங்கும். அது இறங்கத்தான் செய்யும், அப்படித்தான் இந்த வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள், அங்கே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் எதுவும் கிடையாது. இறங்கிய தண்ணீரை ஏந்தி இரண்டு பக்கமும் கொண்டுபோய், சீட் பெல்ட் கோபுரங்களுக்கு (சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பெல்ட் வெளியே வரும் மேடுகள்) பின்னால் இருக்கும் வடிகால் துளையில் விடுவது அந்தப் பட்டையின் வேலை. ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் பீலி செய்கிற அதே வேலை.

இருபது முப்பது வருடப் பிளாஸ்டிக் எப்படி இருக்கும்? கையில் எடுத்து லேசாக வளைத்தாலே நட் போகும் துளைகளைச் சுற்றி வெடிக்கும். பழைய டாப்பிலிருந்து பிரித்தெடுக்கும்போது முழுசாக வந்தால் அதிர்ஷ்டம். என் நண்பர் ஒருவரின் வண்டியில் நல்ல துணி போட்டு, தையலும் நேர்த்தியாக இருந்தது, ஆனால் கடைக்காரர் காசு மிச்சம் பிடிக்கப் பழைய ரெயிலையே வைத்துவிட்டார். முதல் மழையிலேயே இரண்டு சீட்டுக்கும் பின்னால் தண்ணீர். எல்லாவற்றையும் மறுபடி அவிழ்த்துத்தான் புது ரெயில் வைக்க முடிந்தது, ஏனென்றால் டாப்பின் பின்விளிம்பும் ரெயிலும் ஒரே போல்ட் வரிசையில்தான் உட்காருகின்றன.

டாப் வாங்கும்போதே ரெயின் ரெயில் சேர்த்து வருகிறதா என்று கேளுங்கள். சில டாப்புகளில் தைத்தே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். முன்கூட்டியே பொருத்தி வருவதை வாங்கினால், ரெயிலைத் துணியோடு நேராகச் சேர்ப்பது என்கிற நுணுக்கமான வேலை ஒன்று மிச்சம்.

வடிகாலை எப்படிப் பார்ப்பது?

டாப்பைப் பாதி திறந்து வைத்து, சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால், ஃபிரேம் உடலோடு சேரும் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். இலைத்தூள், மண், பழைய ரப்பர் துகள் எல்லாம் சேர்ந்து கருப்பாகச் சேறு நிற்கும். ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடியில் வண்டிக்கு அடியில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், தண்ணீர் ஓட வேண்டும். ஓடவில்லை அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் அடைப்பு.

புல் வெட்டும் இயந்திரத்தில் போடுகிற நைலான் நரம்பு, இல்லாவிட்டால் வளையக்கூடிய நீளமான பிரஷ், இவற்றைக் கீழிருந்தும் மேலிருந்தும் விட்டுக் குடைந்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். கம்பிக் கொக்கி வேண்டாம், குழாயைக் குத்திவிடும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், குழாய் தன் இடத்திலிருந்து கழன்றுவிட்டால் தண்ணீர் நேராக உடலுக்குள் போகும், பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வடிகால் அடைத்தால் தண்ணீர் உள்ளே கார்ப்பெட்டுக்கு மட்டும் வருவதில்லை. கதவுக்குக் கீழே இருக்கும் சில் என்கிற பெட்டிப் பகுதியிலும் ஈரம் தங்கி, உள்ளேயிருந்து துரு தின்னும். இங்கிலாந்தில் இந்த வண்டிகள் வருடாந்தரச் சோதனையில் தோற்பதற்குப் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சில் துரு ஒரு பழகிப்போன காரணம். வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். டாப்புக்குச் செலவழிக்கிற பணத்தைவிட வெல்டிங்குக்கு அதிகம் போகும்.

இதை நானே செய்ய முடியுமா? எவ்வளவு நேரமாகும்?

ரிவெட் துப்பாக்கி பிடித்திருக்கிறீர்கள், பொறுமை இருக்கிறது, கூட ஒரு ஆள் உண்டு என்றால் முடியும். முதல் தடவை செய்கிறவர்கள் சனி, ஞாயிறு இரண்டையும் ஒதுக்குங்கள். சனிக்கிழமை கழற்றுவது, சுத்தம் செய்வது, ஞாயிற்றுக்கிழமை மாட்டுவது. ஒரே நாளில் முடித்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் முன்விளிம்பு ஒட்டுகிற வேலை இரவு விளக்கில் வந்து நிற்கும், கண்ணும் கையும் கூர்மையாக இருக்க வேண்டிய வேலை அதுதான்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெயில் அடிக்கிற, இருபது டிகிரிக்கு மேல் இருக்கிற நாள். குளிரில் டாப் இழுபடாது, பசையும் பிடிக்காது. பெட்டியில் மடித்து வந்த டாப்பை வேலைக்கு முன் சில மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் மடிப்புகள் தானாகத் தளரும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

சாக்கெட் செட், முக்கியமாக 10 மில்லிமீட்டர் சாக்கெட்டும் நீட்டிப்புக் கம்பியும், ஸ்க்ரூடிரைவர்கள், டிரில், ரிவெட் துப்பாக்கியும் ரிவெட்டுகளும், கூர்மையான கத்திரி, சாக்குக்கட்டி, பெயிண்டில் ஒட்டும் டேப், துணி கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள் ஒரு பத்து. பசை மட்டும் சாதாரண ஸ்ப்ரே பசை வாங்காதீர்கள், வெயிலில் நிற்கும் கூரையின் சூட்டுக்கு அது இளகிவிடும். கார் உள்ளலங்கார வேலைக்கென்று விற்கிற, அதிகச் சூடு தாங்கும் கான்டாக்ட் பசைதான் வேண்டும்.

பழைய போர்வை இரண்டும் எடுத்து வையுங்கள். டிக்கி மூடி மீதும் பின் பக்க பெயிண்ட் மீதும் போர்த்த. ஃபிரேமின் ஒரு மூலை தொட்டாலே கீறல் விழும்.

பழைய டாப்பை எப்படிக் கழற்றுவது?

சீட்டுகளை முன்னே தள்ளுங்கள், இன்னும் இடம் வேண்டுமென்றால் கழற்றியே வைத்துவிடுங்கள், முதுகு தப்பும். பின் தட்டில் இருக்கும் கார்ப்பெட்டைப் பிளாஸ்டிக் கிளிப்புகள் பிடித்திருக்கும், அவற்றை நிதானமாகப் பிடுங்கி கார்ப்பெட்டை மடக்கிவிட்டு, சீட் பெல்ட் கோபுரங்களின் பிளாஸ்டிக் மூடிகளையும் எடுங்கள். இப்போது டாப்பின் பின்விளிம்பை அழுத்திப் பிடித்திருக்கும் மூன்று உலோகப் பட்டைகள் தெரியும், நடுவில் நீளமாக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அவற்றின் நட்டுகள் 10 மில்லிமீட்டர். துரு பிடித்திருந்தால் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள், அங்கே ஒரு ஸ்டட் (நட் ஏறுகிற, உடலில் பதிந்த திருகு) முறிந்தால் புது ஸ்டட் வைப்பது தனி வேலை.

நட்டுகள் போனதும் பட்டைகளை உருவி, ரெயின் ரெயிலையும் துணியையும் ஸ்டட்டுகளிலிருந்து மேலே எடுங்கள். கண்ணாடி ஜன்னல் என்றால் சூடேற்றும் கம்பியின் இணைப்பையும் கழற்றுங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் ஃபிரேமைப் பிடித்திருக்கும் மூன்று மூன்று போல்ட்டுகள். முன் கொக்கிகளை விடுவித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் தூக்கினால் முழு டாப்பும் ஃபிரேமோடு வந்துவிடும். தனி ஆளாகத் தூக்க வேண்டாம், கனத்தால் சொல்லவில்லை, நடுவழியில் மடிந்து விரலைக் கடித்துவிடும்.

வண்டியிலேயே வைத்துத் துணி மாற்றுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. மேசை மேல் வைத்தால் நான்கு பக்கமும் சுற்றி வரலாம், டிரில் செய்யும்போது உலோகத் தூள் சீட்டிலும் பெயிண்டிலும் கொட்டாது, வடிகாலும் கண்ணெதிரே திறந்து கிடக்கும்.

மேசைக்கு வந்ததும் கத்திரியைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுங்கள். ரப்பர் பீடிங் (மழையைத் தடுக்கும் ஓர ரப்பர்) எது எந்தப் பக்கம், எந்த ஸ்க்ரூ எங்கே, துணி எந்த விளிம்பில் உள்ளே மடிந்து போகிறது, எல்லாவற்றையும். பீடிங்கைக் கழற்றி, அதைத் தாங்கும் உலோகச் சட்டங்களை எடுத்து, ரிவெட்டுகளின் தலையை டிரில்லால் எடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய டாப்பைக் கிழித்துப் போடாதீர்கள். மடிப்பு எங்கே, துளை எங்கே என்று சந்தேகம் வரும்போதெல்லாம் அதுதான் உங்களுக்கு வழி காட்டும், வேலை முடிந்து ஒரு மழை பார்க்கும் வரை வைத்திருங்கள்.

ஃபிரேம் கையில் இருக்கும்போது வேறு என்ன செய்யலாம்?

மூட்டுகளில் துரு இருந்தால் தேய்த்து பெயிண்ட் அடித்து, கீல்களுக்கு லேசாக எண்ணெய் விடுங்கள். ஃபிரேமின் வில்கள் (கூரையைக் குறுக்கே தாங்கும் கம்பிகள்) நெளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள், நெளிந்த ஃபிரேமில் எந்த டாப்பும் நேராக உட்காராது. பீடிங் ரப்பர் கல்லாகியிருந்தால் இப்போதே மாற்றுங்கள், பிறகு மாற்றுவது இரட்டை வேலை. நன்றாக இருந்தால் கழுவித் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் தடவி வைத்துவிடுங்கள்.

புது டாப்பை எந்த வரிசையில் மாட்டுவது?

பின்னாலிருந்து முன்னால், நடுவிலிருந்து ஓரத்துக்கு. இந்த இரண்டையும் மாற்றாதீர்கள்.

நல்ல டாப்புகளில் விளிம்பின் நடுவில் சின்னதாக ஒரு வெட்டுக் குறி இருக்கும். இல்லையென்றால் மடித்து நடுவைக் கண்டுபிடித்துச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரேமின் வில்களிலும் நடுவைக் குறியுங்கள். முதலில் பசையும் ரிவெட்டும் இல்லாமல் டாப்பை ஃபிரேம் மேல் போட்டு எல்லாக் குறிகளும் பொருந்துகின்றனவா, தையல் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். இந்த ஒத்திகைக்கு அரை மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

சரி, பொருந்துகிறது என்று தெரிந்ததும், துணியின் அடியில் இருக்கும் உறைகளை வில்களோடு இணைத்து ரிவெட் அடியுங்கள், பிறகு கதவுக்குப் பின்னால் வரும் மூலைகள். அந்த மூலையில் துணியின் சின்ன இறகு ஒன்று ஃபிரேமைச் சுற்றி உள்ளே போய் ஒட்ட வேண்டும், அதில் ஒரு சுருக்கம் விட்டால் காற்றும் மழையும் அங்கேதான் நுழையும். அங்கே பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்துங்கள். ஈரமாக ஒட்டினால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பிறகு ஃபிரேமை வண்டியில் வைத்து, பக்கத்து போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, ரெயின் ரெயிலையும் பின்விளிம்பையும் நடு ஸ்டட்டிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாக உட்கார வையுங்கள். ஓரத்துக்குப் போகப் போக இறுக்கமாக இருக்கும், கடைசி இரண்டு ஸ்டட்டுக்கு இன்னொருவர் மேலிருந்து துணியைக் கீழே தள்ளிக் கொடுத்தால்தான் துளை வந்து சேரும். ரெயிலின் இரண்டு முனைகளும் வடிகால் வாய்க்கு நேர் மேலே தொங்குகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துணியின் மடிப்பு ஒன்று முனையைத் தூக்கிவிட்டால் தண்ணீர் வடிகாலுக்கு வெளியே விழும். உலோகப் பட்டைகளை வைக்கும் முன்பே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கலாம், அப்போது கண்டுபிடித்தால் ஐந்து நிமிட வேலை.

பக்கத்தில் ஓடும் கேபிள் எதற்கு? விட்டுவிடலாமா?

விடவே கூடாது. பக்கவாட்டு ஜன்னலுக்கு மேலே, டாப்பின் ஓரத்தில் தைத்த உறைக்குள் மெல்லிய எஃகுக் கேபிள் ஒன்று முன்னாலிருந்து பின்னால் போகிறது, ஒரு முனையில் ஸ்பிரிங். துணியின் ஓரத்தை ஃபிரேமோடு ஒட்டிப் பிடிப்பது அதுதான். அது தளர்ந்தால் நெடுஞ்சாலையில் ஓரம் படபடவென்று அடிக்கும், மழையில் ஜன்னலுக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே வழியும். உறைக்குள் நுழைப்பதற்கு விறைப்பான கம்பி ஒன்றை முதலில் விட்டு, அதன் நுனியில் கேபிளை டேப்பால் சுற்றி இழுத்துவிடுங்கள். பிரிபிரியாகப் போன கேபிளைத் திரும்பப் போடாதீர்கள், புது துணியை உள்ளேயிருந்தே அறுத்துவிடும்.

முன்விளிம்பை எவ்வளவு இழுத்து ஒட்ட வேண்டும்?

எல்லோரும் பயப்படும் இடம் இது, நியாயம்தான், ஏனென்றால் மொத்த டாப்பின் இறுக்கமும் இங்கேதான் முடிவாகிறது.

பின்விளிம்பு முழுவதும் முடுக்கிய பிறகு, முன் கொக்கிகளைப் பூட்டுங்கள். துணியை முன் சட்டத்தின் மேலே போட்டு, நடுவில் பிடித்து சுருக்கம் போகும் வரை மட்டும் இழுத்து, சட்டத்தின் முன்விளிம்பு வரும் இடத்தில் சாக்குக்கட்டியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை கோடு போடுங்கள். இப்போது கொக்கிகளை விடுவித்து முன் சட்டத்தை ஒரு முழம் மேலே தூக்கினால் துணி தளர்ந்துவிடும், வேலை செய்ய இடம் கிடைக்கும். அந்தக் கோடு சட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஏறத்தாழ கால் அங்குலம் முன்னால் வருகிற மாதிரி இழுத்து, கிளிப் போட்டு, மறுபடி பூட்டிப் பாருங்கள். கொக்கி கஷ்டப்பட்டாவது பூட்டுகிறது, மேலே தட்டினால் துணி குதிக்கிறது என்றால் அளவு சரி. ஓரங்களில் அலை தெரிந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்.

பசை தடவுவது இதெல்லாம் திருப்தியான பிறகுதான். கான்டாக்ட் பசை ஒட்டினால் ஒட்டியதுதான், நகர்த்த முடியாது. ஒட்டி முடித்து சட்டத்தையும் முன் பீடிங்கையும் போட்ட பிறகு மிச்சத் துணியை வெட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

வேலை முடிந்தது, ஆனால் கொக்கி பூட்டவே மாட்டேன் என்கிறது. தப்பாகப் போட்டுவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. புது டாப் முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும், வைனில் என்றால் இன்னும் அதிகம். இரண்டு கொக்கிகளின் நீளத்தையும் திருகிக் கூட்டலாம். கூட்டி, முதலில் தளர்வாகப் பூட்டி, வண்டியை வெயிலில் ஒரு நாள் நிறுத்துங்கள். துணி தன் வடிவத்துக்கு இழுபட்டதும் கொக்கியை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கொக்கியைப் பிடிக்க, இன்னொருவர் வெளியே நின்று முன் சட்டத்தை அழுத்தினால் சுலபம். வெப்பக் காற்று ஊதும் கருவியைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக் ஜன்னல் பக்கம் அது போனால் அவ்வளவுதான்.

பூட்டிய பிறகு ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம், திறக்காமல் விடுங்கள். புது டாப்பைப் போட்டுவிட்டு மூடியே ஓட்டுவது கஷ்டம், தெரியும். ஆனால் இழுபட வேண்டிய நேரத்தில் மடித்து வைத்தால் சுருக்கங்கள் நிரந்தரமாகிவிடும்.

புது டாப் போட்டும் ஒழுகுகிறதே?

எங்கே சொட்டுகிறது என்பதே பாதி பதில். முன்னால், கண்ணாடிச் சட்டத்தின் மூலையில் என்றால் முன் பீடிங் முனை சரியாக உட்காரவில்லை, அல்லது கொக்கி தளர்வு. பக்க ஜன்னலின் மேல்விளிம்பில் என்றால் கேபிளையும் பக்க பீடிங்கையும் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால், கார்ப்பெட்டுக்கு அடியில் என்றால் ரெயின் ரெயில் அல்லது வடிகால், வேறு எதையும் தேட வேண்டாம்.

ரப்பர் அழுத்துகிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டைக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்து ஜன்னலை ஏற்றி, இழுத்துப் பாருங்கள். தாராளமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை, கண்ணாடியின் நிலையையோ பீடிங் சட்டத்தையோ கொஞ்சம் நகர்த்த வேண்டும். தோட்டக் குழாயில் சோதிக்கும்போது மெதுவான தண்ணீர், கீழிருந்து ஆரம்பித்து மேலே. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பீய்ச்சினால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் என்ன கேட்க வேண்டும்?

நான்கு கேள்வி. விலையில் புது ரெயின் ரெயில் சேர்த்தியா? எந்த நிறுவனத்தின் டாப், எந்தத் துணி? வடிகாலைச் சுத்தம் செய்து காட்டுவீர்களா? வண்டியை ஒப்படைக்கும் முன் என் கண் முன்னால் தண்ணீர் அடிப்பீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் சரி என்கிற கடையில் கொடுங்கள். சாதாரண சீட் உறை தைக்கிற கடையைவிட கன்வர்டிபிள் டாப் வேலை அடிக்கடி செய்கிற கடை வேண்டும், இந்த வண்டியை முன்பு செய்திருந்தால் இன்னும் நல்லது.

ஆரம்பத்தில் வந்த மாதிரியே அசல் டாப் கிடைக்குமா?

ஜப்பானில் மஸ்டாவே 2017-இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கான புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடி செய்தது. பழைய வைனிலின் தோற்றத்துக்கு நெருக்கமான சாஃப்ட் டாப்பும் அதில் ஒன்று. ஏறக்குறைய முப்பது வருடம் ஆன ஒரு சின்ன வண்டிக்கு இப்படிச் செய்தது பெரிய விஷயம், எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் மதிப்பு கூடியது அப்போதுதான். அன்றாடம் ஓட்டுகிற வண்டிக்கு அது அவசியமில்லை, அமெரிக்காவின் ராபின்ஸ் போல நெடுநாளாக டாப் செய்கிறவர்களின் பொருள் போதும்.

பராமரிப்பு?

ஓடும் பிரஷ் வைத்த கார் வாஷுக்குள் விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, மெல்லிய பிரஷ். துணி டாப்புக்குக் கழுவி முழுதாகக் காய்ந்த பிறகு 303 அல்லது ராக்டாப் மாதிரி நீர் விலக்கும் பூச்சு, நிழலில் வைத்து அடியுங்கள். பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகாது, மங்கிவிடும். காய்ந்த துணியால் துடைத்தாலும் தூசியே கீறும், முதலில் தண்ணீர் விட்டு இறக்குங்கள்.

ஈரமாக இருக்கும் டாப்பை மடித்து வைக்காதீர்கள், வேறு வழியே இல்லை என்றால் வீட்டுக்கு வந்ததும் மூடிக் காய வையுங்கள். பனிக்கட்டி உறைந்திருந்தால் சுரண்ட வேண்டாம், வண்டிக்குள் சூடு போட்டு இளக விடுங்கள்.

இலை உதிர்ந்து முடிந்த பிறகு ஒரு தடவை, வசந்தத்தில் ஒரு தடவை, இரண்டு வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கீழே ஓடுகிறதா என்று பாருங்கள். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒரு தடவை.